நாற்பத்தொன்றாம் குழி

எங்கள் சுக்காங்காட்டில் நாற்பத்தொரு பேர், ஒருவர் பின் ஒருவராக, இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் உயரம் எழும்பித் தொப்பென்று விழுந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. சந்தைக்குக் கிளம்புகிற அவசரத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பலகையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த மணியகாரர், சப்பணம் கலையாமலே மேலே போய், சப்பணம் கலையாமலே கீழே வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். நாவிதர் சின்னான் எழும்பிய வேகத்தில் அவர் கையிலிருந்த கத்தி கோயில் பூசாரியின் மீசையில் வலது பாதியை எடுத்துவிட்டது, மீசை போன கோபத்தில் பூசாரி வாயைத் திறந்தபோது அவரும் எழும்பினார். கடைசியாக, ஊர்க்கோடியில் மோர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போன சிலம்பாயி எழும்பினாள், பானை அவளைவிட ஒரு விரற்கடை அதிகமாக எழும்பியது, இறங்கும்போது இரண்டும் சரியாகச் சேர்ந்துகொண்டன, தோளில் நாலு சொட்டு மோர் சிந்தியதோடு சரி. வாயு என்றார்கள் சிலர், பித்தம் என்றார்கள் சிலர். நாற்பத்தொரு பேருக்கு வரிசை வைத்து வருகிற வாயு எந்த ஊரில் உண்டு என்று கேட்க அன்றைக்கு ஒருவருக்கும் நேரமில்லை.

அதே நேரத்தில் ஊருக்கு வெளியே, சுக்காங்கல் ரோட்டில், ஒரு மோட்டார் கார் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் எங்கள் ஊர்ச் சென்னியப்பன், சிலம்பாயியின் தம்பி. பின்னால் மெட்ராஸ் கம்பெனித் துரை உட்கார்ந்திருந்தார். துரைக்குப் பக்கத்தில், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளர் ஒன்று துரைக்குச் சமமாக உட்கார்ந்திருந்தது. கார் நாற்பத்தொரு குழிகளில் இறங்கி ஏறியது, தம்ளரிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. துரை தொப்பியைக் கழற்றி அந்தத் தம்ளருக்கு ஒரு சலாம் போட்டார் என்று சென்னியப்பன் பிற்பாடு சொன்னான்.

குழிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் உலக யுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், மழை எங்களை மூன்றாவது தடவையாக ஏமாற்றிய ஆவணியில், துரை எங்கள் ஊருக்கு வந்தார். அவருடைய கம்பெனி சீமையிலிருந்து கார்களைக் கப்பலில் இறக்கி ஜமீன்தார்களுக்கும் வக்கீல்களுக்கும் விற்றுக்கொண்டிருந்தது. சீமை ரோட்டில் மெத்தையாகப் போன கார் நம் ரோட்டில் ஜமீன்தார்களின் இடுப்பைக் கழற்றிவிட்டது. ஆகவே சக்கரத்து அச்சுக்கும் மேல்கூண்டுக்கும் நடுவில் வைக்கிற வில்லுப்பட்டைகளை விதவிதமாகச் செய்து, எந்தப் பட்டை குலுக்கலைத் தின்கிறது என்று பரீட்சை பார்க்க, இந்த ராஜதானியிலேயே கேவலமான ரோடு ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது, தேடித் தேடி எங்கள் ரோட்டைக் கண்டுபிடித்தார்கள். மாட்டுவண்டிக்காரர்கள் எங்கள் முப்பாட்டன்கள் வரைக்கும் இழுத்துத் திட்டிக்கொண்டு போகிற அந்த மூன்று மைலை முதன்முதலில் பார்த்தபோது, துரை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்தார். பித்தளை முனை வைத்த குச்சி ஒன்றை விட்டுக் குழி குழியாக ஆழம் பார்த்தார். அன்றைக்கே அவருக்குக் குச்சித் துரை என்று பேர் வைத்துவிட்டோம்.

குச்சித் துரையின் சட்டம் ஒன்றே ஒன்று. பட்டை மாறலாம், ரோடு மாறக்கூடாது. காற்றில் மண் விழுந்து குழி தூர்ந்தாலும் சரி, வண்டிச்சக்கரம் பட்டு ஆழம் கூடினாலும் சரி, மறுநாள் காலை கார் வருவதற்குள் குச்சி சொல்கிற ஆழத்துக்கு அதைக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்குக் குழிக்கு ஒரு ஆள், தினக்கூலி. பட்டியல் கேட்டார். எழுதியது நான், அப்போது ஊரில் கூட்டெழுத்து எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேலை செய்யப்போவது யார் என்று துரை கேட்கவில்லை, பேர்தான் கேட்டார். மணியகாரர் தன் பேரைச் சொன்னார், சம்சாரம் பேரைச் சொன்னார், இரண்டு மகன்கள் பேரைச் சொன்னார், கட்டிக்கொடுக்க இருந்த மகள் பேரையும் சொன்னார். பூசாரி சொன்னார், நாவிதர் சொன்னார், பதினேழாவதாக என் பேரை நானே எழுதிக்கொண்டேன். மண்வெட்டி பிடித்தவர்கள் என்னவோ ஊருக்குக் கிழக்கே சேரியில் இருந்தவர்கள்தான், கூலியில் கால்வாசியை அவர்களுக்குத் தள்ளிவிட்டு முக்கால்வாசியை நாங்கள் வைத்துக்கொண்டோம், அவர்கள் பேரில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. எங்கள் ஊர்ச் சரித்திரத்திலேயே, விட்டுப்போன பேர் அவர்களுக்கு நல்லதாக முடிந்தது அந்த ஒரு தடவைதான். குலுக்கல் வந்து விழுந்தது வெட்டிய கைக்கு அல்ல, பட்டியலில் இருந்த பேருக்கு.

துரை குறித்தது நாற்பது குழிதான். நாற்பத்தொன்றாவது, சென்னியப்பன் கேட்டு வாங்கிய குழி. சிலம்பாயி புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல், ஒற்றை எருமையை ஓட்டிக்கொண்டு பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவள். ஆத்தா செத்தபோது நாலு வயசுப் பையனாக இருந்த தம்பியை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள், அவன் இன்றைக்கும் அவள் முன்னால் உட்கார்ந்துதான் சோறு தின்பான். "எங்கக்காளுக்கும் ஒரு குழி குடுங்க தொரை" என்று அவன் கைகட்டி நின்றதைப் பார்த்து, துரை சிரித்துக்கொண்டே, ரோடு முடிந்து கார் திரும்புகிற இடத்தில், வேப்பமரத்தடியில், குச்சியை ஊன்றினார். அந்தக் குழியை வெட்டச் சேரி ஆளைக் கூப்பிடவில்லை சென்னியப்பன். தன் கையால், ஆசை ஆசையாக, துரை சொன்னதற்கு மேல் நாலு விரற்கடை ஆழமாகவே வெட்டினான்.

மூன்றாவது நாள் மோர் குடிக்க வந்த தம்பியிடம் அக்கா கேட்டாள்.

"சென்னி, நீ வேப்பமரத்துக்கிட்ட வண்டியத் திருப்பறப்ப எனக்குத் தூக்கிப் போடுதுடா."

"உனக்கா? நீ இங்கல்ல இருக்கறே."

"இங்கதான் இருக்கறேன். வண்டிச் சத்தம் மரத்துக்கிட்ட வரும், உடனே என்னயத் தூக்கிப் போடும். மூணு நாளா பாக்கறேன்."

"வண்டியே குலுங்கலியேக்கா. தம்ளர்ல ஊத்தின தண்ணி அப்படியே நிக்குது."

"பின்ன அந்தக் குலுக்கல் எங்கடா போகும்? அதுக்கும் போக ஒரு எடம் வேணுமல்ல."

இதைவிட நல்ல விளக்கத்தை இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. மறுநாள் நான் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு கோயில் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். முதல் பேர் எழும்பியது, இரண்டாம் பேர் எழும்பியது, பதினேழில் பட்டியலோடு நானும் எழும்பினேன். எல்லோருமாகப் போய்த் துரையிடம் சொன்னோம். துரை அக்கறையாகக் கேட்டார். ஒவ்வொருவரும் எவ்வளவு உயரம் எழும்புகிறோம் என்று குச்சியை வைத்து அளந்தார், குழியின் ஆழமும் ஆள் எழும்புகிற உயரமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருப்பதைக் கண்டு நோட்டுப் புத்தகத்தில் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். பட்டியலை மாற்ற முடியாது, அது சீமைக்குக் கப்பலேறிவிட்டது என்றார். வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள், பக்கத்து ஊர் ரோடும் இதே அழகுதான் என்றார். அந்தப் பஞ்சத்தில் வேண்டாமென்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

பழகிக்கொண்டோம். மனுசனுக்குப் பழகாதது என்ன இருக்கிறது. காலை எட்டு மணிக்கு வண்டி கிளம்பும்போது சென்னியப்பன் ரப்பர் ஊதலை மூன்று தடவை அமுக்குவான், உடனே நாற்பத்தொரு பேரும் செய்த வேலையைப் போட்டுவிட்டுத் தூணையோ மரத்தையோ கட்டிப்பிடித்துக்கொள்வோம். வெற்றிலையை வாயிலிருந்து எடுத்துவிடுவோம், பால் குடிக்கிற பிள்ளையைப் பட்டியலில் இல்லாத ஒருத்தியிடம் கொடுத்துவிடுவோம், எழும்பி விழுந்ததும் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவோம். பெண் கேட்டு வருகிறவர்கள் நகை எத்தனை பவுன் என்பதற்கு முன்னால் பெண்ணின் குழி எத்தனை விரற்கடை என்று கேட்டார்கள். பட்டை மட்டமாக இருந்தால் குலுக்கலில் பாதி காரிலேயே தங்கிவிடும் என்று கண்டுகொண்டோம், அதனால் மட்டமான பட்டை வந்த வாரங்களில் துரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க நாங்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். பன்னிரண்டாம் குழிக்காரர் மாரக் கிழவர் செத்தபோது அந்தக் குழி அவரோடு போய்விடும் என்றுதான் நினைத்தோம். கொள்ளி வைத்த மூத்த மகன் மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழும்பி விழுந்தான். நிலமும் வீடும் போகிற வழியில்தான் குழியும் போகிறது, இதில் என்ன அதிசயம் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

நான்காவது மாதம் சீமையிலிருந்து புது ஸ்டியரிங் வந்தது. அதற்கு முன்னால் அந்தக் காரைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும், குழிக்கு நேராக வந்துவிட்டால் விலக முடியாது, விழுந்துதான் எழ வேண்டும். புதியதைத் திருப்பச் சுண்டு விரல் போதும். அதையும் அந்தக் குழிகளில் விட்டுப் பரீட்சை பார்க்கச் சொல்லிவிட்டு, துரை காரில் வருவதை நிறுத்திக்கொண்டார். அவருக்குப் பதிலாக ஒரு பெட்டி வந்தது. அதற்குள் காகிதம் சுற்றிய உருளை ஒன்றும் அச்சோடு பிணைத்த பென்சில் ஒன்றும் இருந்தன, சக்கரம் குழியில் இறங்கினால் காகிதத்தில் ஒரு கீறல் விழும். நாங்கள் அதைக் கிறுக்குப்பெட்டி என்றோம். நாற்பத்தொரு கீறலும் சிந்தாத தம்ளரும் வந்து சேர்ந்தால் துரைக்குப் போதும், எந்தக் குழியின் கீறல் எது என்று அவர் கேட்பதில்லை.

முதலில் வந்தவர் மணியகாரர்தான். தை மாதம் மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தம் எட்டு மணி. "தாலி முடியற நேரத்துல பொண்ணு எழும்பினா சபையில நான் எங்கப்பா மூஞ்சிய வெச்சுக்குவேன்? அந்த அஞ்சாங்குழிய மட்டும் ஒரு நாளைக்கு ஒதுக்கிப் போயிரு சென்னி" என்றார். ஒதுக்கினால் காகிதத்தில் நாற்பதுதான் விழும். விட்டதை வேறொரு குழியில் விழுந்து சரிக்கட்ட வேண்டும். யாருடைய குழியில் என்று கேட்க அவனுக்கு ஊரில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

"கண்ணாலப் புள்ள, பாவம். ஒரு நாளைக்குத்தானடா? எனக்கே ரெண்டாப் போட்டுரு" என்றாள் சிலம்பாயி.

தாலி அசையாமல் ஏறியது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அசையாமல் சாப்பிட்டார்கள். ஊர்க்கோடியில் ஒருத்தி இரண்டு தடவை எழும்பி விழுந்தாள்.

அப்புறம் நாவிதர் வந்தார், அமாவாசைக்கு முதல் நாள் சவரக் கூட்டம், கத்தி வேலை. பூசாரி வந்தார், தீபாராதனை. ஆறு மாசக் கர்ப்பிணிக்காக ஒருத்தர், முதுகில் கட்டி வந்தவருக்காக ஒருத்தர், மாமியார் விருந்துக்கு வந்திருக்கிறாள் என்று ஒருத்தர். ஒரு நாள் ஒரு வாரமாயிற்று, காரணம் சொல்லிக் கேட்டவர்கள் காரணம் சொல்லாமல் கேட்டார்கள், கேட்டவர்கள் கோழியும் நெய்யும் கொண்டுவந்தார்கள், எல்லாம் சென்னியப்பன் வீட்டு வாசலில் வந்து இறங்கின. திருப்புகிற விரல் அவனுடையது, வாங்குகிற உடம்பு எவளுடையதோ. நான் கொண்டுபோனது ஒரு சேவல். எனக்கு ஒரு நோவும் இல்லை, சேவல் ஒன்று கையில் இருந்தது, அவ்வளவுதான். மாசி பிறந்தபோது அந்தக் கார் மூன்று மைலையும் ஒரு குழியில்கூட இறங்காமல் வழுக்கிக்கொண்டு போய், கடைசியில் வேப்பமரத்தைச் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, ஒரே குழியில் நாற்பத்தொரு தடவை விழுந்து எழுந்தது.

சிலம்பாயி அதற்கும் ஒரு வழி பண்ணிக்கொண்டாள். தலையில் பானை தூக்குவதை விட்டுவிட்டாள். ஊதல் சத்தம் கேட்டதும் தூணோடு முதுகைச் சேர்த்து உட்கார்ந்து, தயிர்ப்பானையைக் கால் நடுவில் இறுக்கி, மத்துக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வாள். நாற்பத்தொரு தூக்கல் முடியும்போது வெண்ணெய் தானாகத் திரண்டு நிற்கும். அப்படி ஒரு வெண்ணெய் எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. கம்பெனி வெண்ணெய் என்று பேர் வைத்து ஊரே வாங்கித் தின்றது, துரையின் ரொட்டிக்கும் அதுதான் போயிற்று. நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

பங்குனி முதல் வாரத்தில் அவள் தம்பியைக் கூப்பிட்டு விட்டாள். உட்கார்ந்தபடியே பேசினாள், எழுந்து நிற்க அவளுக்கு ஆகவில்லை.

"எலும்பெல்லாம் கழண்டு வருதுடா சென்னி. ராவுல படுத்தாலும் தூக்கிப் போடற மாதிரியே இருக்குது. நான் உன்னய ஒண்ணும் கேட்டதில்ல. போதும்டா."

அவன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினான். ஊர் அவன் சொன்னதை முழுசாகக் கேட்டது, சிலம்பாயிக்காக உச்சுக்கொட்டியது, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொம்பளையா என்றது. பிறகு ஒவ்வொருவராக அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் போடு, ஞாயந்தான். என்ற ஒண்ண மட்டும் பாத்துக்க" என்று காதில் சொன்னார்கள். நாற்பது பேரும் சொன்னார்கள். அவன் மறுநாள் காலை விரலை அசைக்காமல் நேராக ஓட்டினான், குழிக்கு ஒரு தடவை, ஆளுக்கு ஒரு தூக்கல், துரை முதன்முதலில் எழுதிவைத்தபடியே. நாங்கள் தூணைப் பிடிப்பதை மறந்து போயிருந்தோம். மணியகாரருக்கு மணிக்கட்டு பிசகியது, பூசாரி கற்பூரத்தட்டின் மேலேயே விழுந்தார், நான் கிணற்றடியில் வழுக்கி முன்பல் இரண்டைக் கொடுத்தேன்.

சாயங்காலம் நாற்பது பேரும் அவன் வாசலில் நின்றோம். யாரும் சத்தம் போடவில்லை. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மணியகாரர்தான் நிதானமாகப் பேசினார்.

"பாரு சென்னி, நாங்க கல்லு மனசுக்காரங்க இல்ல. ஆனா உங்கக்காளுக்குப் பழகிப்போச்சு. எங்களுக்குப் பழக்கம் உட்டுப்போச்சு. ஒருத்தி ஒரு நாள் ஓய்ஞ்சதுக்கு நாப்பது வீட்ல கட்டு. எது பெருசுன்னு நீயே சொல்லு."

சென்னியப்பன் பெண்டாட்டி ராமாயி உள்ளேயிருந்து எங்களுக்கெல்லாம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள், அது சிலம்பாயி வீட்டு மோர். மறுநாள் காலை சென்னியப்பன் சுண்டு விரலைத் திருப்பினான்.

அதிலிருந்து ஏழாம் நாள் துரை, ரோட்டின் தலைப்பில் போட்டிருந்த தன் கூடாரத்துக்கு வெளியே வந்து சென்னியப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்டை தேறிவிட்டது, ஸ்டியரிங் தேறிவிட்டது, இனி இந்த மாதிரியில் கார்கள் ஊரெல்லாம் ஓடும், வருகிற ஒவ்வொரு காருக்கும் பரீட்சை இந்த ரோட்டில்தான், உனக்கு இந்த வேலை நிரந்தரம் என்றார். அதைச் சொல்ல அவன் அக்கா வீட்டுக்கு ஓடினான். சிலம்பாயி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கயிறு மணிக்கட்டில் சுற்றியபடியே இருந்தது. வெண்ணெய் பானையை நிறைத்து, விளிம்பைத் தாண்டி, அவள் மடியெல்லாம் வழிந்திருந்தது. அன்றைய காகிதத்தில் நாற்பத்தொரு கீறல், எல்லாம் ஒரே அளவு. எத்தனையாவது கீறலில் அவள் போனாள் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

தம்பியைத் தவிர அவளுக்குக் கொள்ளி வைக்க ஆளில்லை. பாடை கட்டினோம், நீர்மாலை எடுத்தோம், பறை அடித்தது, சென்னியப்பன் மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளிச்சட்டியைக் கையில் எடுத்தான். அப்போதுதான் ராமாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் வேட்டியைப் பிடித்தாள். "நாப்பத்தொண்ணுங்க. நாப்பத்தொண்ணும் உங்க மேல வந்து உளுகும். மூணு புள்ளய வெச்சுட்டு நான் எங்க போவேன்?" மாரக் கிழவரின் மகன் எல்லோருக்கும் ஞாபகம் வந்தான். பறை தானாக நின்றது. பங்காளி ஒருத்தரைப் பார்த்தோம், அவர் இன்னொருத்தரைப் பார்த்தார், இன்னொருத்தர் தரையைப் பார்த்தார். சென்னியப்பன் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கை சுட்டிருக்கும். பிறகு குனிந்து அதைத் தரையில் வைத்தான். அவன் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது, கேட்டு நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன், விட்டது நான் மட்டுமில்லை.

அந்த வெட்கத்திலிருந்து எங்களைக் காப்பாற்றியவர் பூசாரி. அவர் கண்ணை மூடி, உடம்பைக் கொஞ்சம் ஆட்டி, பிறகு திறந்து சொன்னார்:

"யாரு செத்தா? ஊரு நோவெல்லாம் தன் மேல வாங்கினவ சாவாளா? அவ சாமியாயிட்டா. சாமிக்கு ஏதப்பா கொள்ளி?"

இது தோன்றாமல் போயிற்றே என்று ஆளாளுக்குத் தலையில் அடித்துக்கொண்டோம். கொள்ளி இல்லையென்றால் வாரிசு இல்லை, வாரிசு இல்லையென்றால் குழி யாருக்கும் போகாது. பாடையைத் திருப்பிக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில், குழியை ஒட்டி, அவளை உட்கார்ந்த வாக்கிலேயே அடக்கம் பண்ணி, மேலே இடுப்புயரக் கல் ஒன்றை நட்டு, மஞ்சள் பூசி, கண் எழுதி, சேலை கட்டினோம். உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு கோழி கொடுக்காதவர்கள் அன்றைக்கு ஏழு கிடா வெட்டினோம். மறுநாள் எட்டு மணிக்கு ஊதல் கேட்டபோது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு தூணைக் கட்டிப்பிடித்தது. கார் வேப்பமரத்தைச் சுற்றி நாற்பத்தொரு தடவை விழுந்து எழுந்தது. எங்களில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கல் மட்டும் நாற்பத்தொரு தடவை எழும்பி எழும்பி உட்கார்ந்தது.

எங்கள் பக்கத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் சாமியிடம் பூ கேட்கிற வழக்கம் உண்டு. சாமி தலையில் பூவை வைத்துவிட்டு மனசில் இருப்பதைக் கேட்க வேண்டும், பூ வலப்பக்கம் விழுந்தால் சாமி சரி என்று சொல்லிவிட்டது. மற்ற கோயில்களில் பூ விழக் காலையிலிருந்து மத்தியானம் வரை காத்துக்கிடக்க வேண்டும். சிலம்பாத்தாள் கோயிலில் காத்திருக்க வேண்டியதில்லை. குழி கல்லுக்கு இடப்பக்கம், கார் விழுந்தால் பூ வலப்பக்கம்தான் விழும், ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இவ்வளவு தாராளமாக வரம் கொடுக்கிற சாமி சுத்துப்பட்டு எழுபது ஊரிலும் இல்லை என்று பேராகி, வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்தது. பிள்ளை பிறக்குமா, கேஸ் ஜெயிக்குமா, மழை வருமா. நாளைக்கு நாற்பத்தொரு பூ, அதற்கு மேல் கிடையாது. யாருக்கு எத்தனையாவது பூ என்று பட்டியல் எழுதுவது நான்.

சென்னியப்பன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். காலையில் வருவான், சுற்றுவான், போவான். தம்ளர் சிந்தியதில்லை. ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது, இருபதாவது சுற்றில் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். பட்டியலில் அவன் பேர் இல்லை. இருந்தாலும் வழிவிட்டோம், கூடப் பிறந்தவன் ஆயிற்றே. கீழே கிடந்த வெள்ளை அரளி ஒன்றைப் பொறுக்கி, ஊதித் துடைத்து, கல்லின் தலையில் வைத்தான். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டான்.

"அக்கா, இன்னமும் வலிக்குதா?"

பூ அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல யாரோ வாயெடுத்தார்கள். அவன் திரும்பிப் போய் ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பி, சுண்டு விரலைத் திருப்பிக் குழியில் இறக்கினான். கல் எழும்பி உட்கார்ந்தது. பூ வலப்பக்கம் விழுந்தது.

அவன் காரை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூசாரி விழுந்த பூவைக் காலால் ஒதுக்கித் தள்ளி, பட்டியலில் இல்லாத பூ கணக்கில் வராது என்றார். சரிதான் என்றோம்.

அடுத்த பூ என்னுடையது. என் மகனுக்குக் கம்பெனியில் ஒரு வேலை கேட்க வந்திருந்தேன். கல்லின் தலையில் பூவை வைத்து, கையெடுத்துக் கும்பிட்டு, மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவன் இன்னும் நெற்றியை எடுக்கவில்லை.

"நேரமாகுது சென்னி, வண்டியத் திருப்பு" என்றேன்.

திருப்பினான்.